ஓ'பிரையன் குடும்பப்பெயர்: தோற்றம், கிளைகள், புகழ்பெற்றவர்கள், முன்னோரைத் தேடும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ'பிரையன் என்ற பெயர் யாரிடமிருந்து வந்தது?

பிரையன் போரு என்ற அரசரிடமிருந்து. 10-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் தென்மேற்கே, ஷானன் ஆற்றங்கரையில் டால் காஷ் என்ற சிறிய குலம் இருந்தது. அதன் தலைவர் கென்னேட்டிக்கின் மகன்களில் ஒருவர் பிரையன். அண்ணன் கொல்லப்பட்ட பிறகு 976-ல் தலைமைக்கு வந்தார். முதலில் மன்ஸ்டர் மாகாணத்தைப் பிடித்தார். 1002-ல் அயர்லாந்தின் பேரரசராக ஏற்கப்பட்டார். அதுவரை அந்தப் பட்டம் பல தலைமுறைகளாக ஊ நீல் என்ற வடக்கு வம்சத்தின் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒதுக்குப்புறத்துக் குலம் ஒன்று அதைப் பறித்தது அந்தக் காலத்தில் பெரிய அதிர்ச்சி.

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று, டப்ளினை ஒட்டிய குளோன்டார்ஃபில் நடந்த போரில் பிரையன் கொல்லப்பட்டார். அவர் மகன் மரோவும், மரோவின் இளம் மகனும் அதே நாளில் மாண்டார்கள். பிரையனின் உடல் வடக்கே ஆர்மாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.

அப்படியானால் பிரையனே முதல் ஓ'பிரையனா?

இல்லை. பலர் தவறும் இடம் இது. பிரையனுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அவர் 'பிரையன் மாக் கென்னேட்டிக்', அதாவது கென்னேட்டிக்கின் மகன் பிரையன். தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுபோல, அங்கும் அந்த 'மாக்' பகுதி மாறிக்கொண்டே இருந்தது. பிரையனின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அது நின்றது. அவர்கள் தங்களை 'உவா பிரையன்' என்று அழைத்தார்கள். 'உவா' என்றால் பேரன். பின்னால் அது 'ஓ' என்று சுருங்கி, வழித்தோன்றல் என்ற பொருளில் உறைந்துவிட்டது. கொள்ளுப்பேரனும் அவன் மகனும் அதே பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

முதன்முதலில் இந்தப் பெயரோடு அரசியலில் உயர்ந்தவர் பிரையனின் பேரன் டர்லோ ஓ'பிரையன். அவர் 1086-ல் இறந்தார். அவர் மகன் மூர்ஹெர்ட்டாக் 1101-ல் மன்ஸ்டர் அரசர்களின் பழைய கோட்டையான காஷெல் பாறையைத் திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தார். பிரையனை நாட்டை மீட்ட மாவீரராகக் காட்டும் புகழ்நூலும் அவர் காலத்து அரசவைச் சூழலில் பிறந்ததுதான். இன்று பிரையனைப் பற்றிச் சொல்லப்படும் வீரக்கதைகளில் கணிசமான பங்கு இந்தக் குடும்பமே எழுதவைத்தது என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

'போரு' என்பது என்ன?

அது பட்டப்பெயர். இரண்டு விளக்கங்கள் உண்டு. கால்நடைகளைத் திறையாக வாங்கியவர் என்பது ஒன்று. கில்லலூ ஊருக்கு அருகே பேல் போரு என்ற மண்கோட்டை இருந்த இடத்தின் பெயர் என்பது மற்றொன்று. குடும்பப்பெயரில் இது சேரவில்லை.

குளோன்டார்ஃப் போர் அயர்லாந்துக்காரர்களுக்கும் வைகிங்குகளுக்கும் நடந்ததுதானே?

பள்ளிக்கூடப் பாடம் அப்படித்தான் சொல்லும். உண்மை அதைவிடச் சிக்கலானது. பிரையனை எதிர்த்தவர்கள் லெய்ன்ஸ்டர் மாகாண அரசர் மெயில் மோர்டாவும், டப்ளினின் நார்ஸ் (வைகிங் வழி) அரசர் சிட்ரிக்கும். மெயில் மோர்டா அயர்லாந்துக்காரர். அவர் சகோதரி கோர்ம்லா ஒருகாலத்தில் பிரையனின் மனைவி. சிட்ரிக் அவள் முந்தைய திருமணத்தில் பிறந்த மகன். அந்த சிட்ரிக்குக்கே பிரையன் தன் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். மாமனாரும் மருமகனும் எதிரெதிரே நின்ற போர் இது. பிரையன் பக்கமும் நார்ஸ் வீரர்கள் இருந்தார்கள். போருக்குப் பிறகும் சிட்ரிக் டப்ளினை ஆண்டார்.

மேற்கோள்குறி ஏன்? அயர்லாந்து மொழியில் எப்படி எழுதுவார்கள்?

அந்தக் குறி ஆங்கிலேய எழுத்தர்கள் வைத்தது. அயர்லாந்து மொழியில் ஓ என்ற எழுத்தின் மேலே நெடிலைக் காட்டும் சாய்கோடு உண்டு. பிறகு இடைவெளி விட்டுப் பெயர் வரும். உச்சரிப்பு ஏறத்தாழ 'ஓ ப்ரீயின்'. ஆங்கிலத்தில் 'இன்னாருடைய' என்ற பொருளில் வரும் சொல்லின் சுருக்கமே இந்த 'ஓ' என்று சிலர் சொல்வது தவறு.

பெண்களுக்குப் பெயர் மாறும். மகளாகப் பிறந்தவர் 'நீ வ்ரீயின்'. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் 'ஈ வ்ரீயின்'. 'ப்' என்பது 'வ்' ஆக மென்மையாவது அந்த மொழியின் இலக்கண விதி. அயர்லாந்து மொழிக் கல்லறைக் கல்வெட்டைப் படிக்கும்போது இது தெரியாவிட்டால், ஒரே குடும்பத்தின் அண்ணனும் தங்கையும் வேறு வேறு குடும்பம் என்று தோன்றிவிடும்.

வெறும் 'பிரையன்', 'மக்பிரையன்', 'பைர்ன்' எல்லாம் ஒன்றுதானா?

முன்னால் 'ஓ' இல்லாத பிரையன் பெரும்பாலும் அதே பெயர்தான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சியின் அழுத்தத்தில் லட்சக்கணக்கானோர் 'ஓ'வை விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொழி மறுமலர்ச்சி வந்தபோது மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஓ'பிரையன் குடும்பங்கள் மற்ற பல குடும்பங்களைவிட அதிகமாகத் திரும்பப் போட்டுக்கொண்டன. பெயருக்கு இருந்த அரச மதிப்பு அதற்கு ஒரு காரணம்.

கில்கென்னி பகுதி பிரையன்களில் சிலர், இங்கிலாந்து வழியாக வந்து குடியேறிய நார்மன் வழியினர். மக்பிரையன் வடக்கே ஃபெர்மானா பகுதியின் தனிக் குடும்பம். பைர்ன் முற்றிலும் வேறு: விக்லோ மலைப்பகுதிக் குலம், ப்ரான் என்ற வேறொரு முன்னோர். எழுத்துகள் ஒத்திருப்பதை வைத்து இவற்றை இணைத்துவிடாதீர்கள்.

ஓ'பிரையன்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

தோமண்ட் என்ற பழைய அரசு அவர்களுடையது. இன்றைய கிளேர் கவுன்டி (மாவட்டம்) முழுவதும், லிமெரிக், டிப்பரேரி கவுன்டிகளின் அருகிலிருந்த பகுதிகளும் அதில் அடங்கும். வாட்டர்ஃபோர்டு பக்கமும் ஒரு கிளை போனது. 1890-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளை வைத்துப் பதிவாளர் தலைவர் ராபர்ட் மாதெசன் தயாரித்த பட்டியலில் இந்தப் பெயர் அயர்லாந்தில் 6-ஆம் இடத்தில் இருந்தது. மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ், ஸ்மித் ஆகிய ஐந்தும் அதற்கு முன்.

நார்மன்களும் ஆங்கிலேயரும் வந்த பிறகு இந்தக் குடும்பம் எப்படித் தப்பியது?

முதலில் சண்டையிட்டு, பிறகு சமரசம் செய்து. டோனல் மோர் ஓ'பிரையன் லிமெரிக்கின் புனித மரியா பேராலயத்தை 1168-ல் நிறுவினார். அவர் 1194-ல் இறந்தார். 1318 மே 10-ல் டைசர்ட் ஓடே என்ற இடத்தில் ஓ'பிரையன் தரப்போடு நடந்த போரில் நார்மன் பிரபு ரிச்சர்ட் டி கிளேர் கொல்லப்பட்டார். அந்த ஒரு தோல்வியால் நார்மன்கள் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குத் தோமண்டைத் தொட முடியவில்லை.

1543-ல் மரோ ஓ'பிரையன் லண்டனுக்குப் போய் எட்டாம் ஹென்றியிடம் தன் அரசுரிமையை ஒப்படைத்தார். பதிலுக்கு ஏர்ல் ஆஃப் தோமண்ட், பாரன் இன்ச்சிக்வின் பட்டங்களைப் பெற்றார். நிலம் கைவிட்டுப் போகவில்லை; ஆனால் இனி அது மன்னர் கொடுத்த நிலம். ஏர்ல் பட்டம் அவர் அண்ணன் மகனுக்குப் போனது, பாரன் பட்டம் அவருடைய சொந்த வழியில் இறங்கியது. தோமண்ட் வழி 1741-ல் அற்றுப்போனது. இன்ச்சிக்வின் வழி இன்றும் நீடிக்கிறது.

அதே குடும்பத்தின் இன்னொரு கிளை வைகவுன்ட் கிளேர். ஆங்கிலேய அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தோற்ற பிறகு அவர்கள் பிரான்சுக்குப் போய் அங்கே அயர்லாந்துப் படைப்பிரிவை நடத்தினார்கள். 1745 ஃபோன்டனுவா போரில் ஆங்கிலேயருக்கு எதிராக நின்ற சார்ல்ஸ் ஓ'பிரையன் பின்னாளில் பிரான்சின் மார்ஷல் ஆனார்.

இன்றைக்கும் பார்க்கக்கூடிய இடங்கள் உண்டா?

கிளேரில் நிறைய. பன்ராட்டி கோட்டையை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் மக்னமாரா குடும்பத்தினர். பிறகு ஓ'பிரையன்கள் கைக்கு வந்தது. இன்ச்சிக்வின் குடும்பத்தின் வீடான ட்ரொமோலண்ட் 1962-ல் விற்கப்பட்டு இப்போது விடுதியாக இருக்கிறது. மோஹர் செங்குத்துப் பாறைகளின் மேல் நிற்கும் ஓ'பிரையன் கோபுரம் பழைய காவற்கோபுரம் அல்ல. நிலக்கிழார் கொர்னீலியஸ் ஓ'பிரையன் பார்வையாளர்களுக்காக 1835-ல் கட்டியது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 'பிரையன் போருவின் யாழ்' என்று ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பிரையன் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு செய்யப்பட்டது அது. ஆனாலும் அயர்லாந்தின் அரசு முத்திரைக்கு அதுதான் மாதிரி என்பதால் பார்க்க வேண்டிய பொருள்தான்.

ஓ'பிரையன் குலச்சின்னத்தை நான் வீட்டில் மாட்டலாமா?

மாட்டலாம், உங்களுடையது என்று சொல்ல முடியாது. சிவப்புப் பின்னணியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிங்கங்கள், ஒவ்வொன்றும் பாதி பொன், பாதி வெள்ளி. அது இன்ச்சிக்வின் குடும்பத் தலைவரின் சின்னம். சட்டப்படி சின்னம் தனிநபருக்கு வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. 1943-லிருந்து இந்த வேலையைச் செய்வது அயர்லாந்தின் தலைமைச் சின்ன அதிகாரி அலுவலகம். சுற்றுலாக் கடைகளில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று விற்கும் பலகைக்கு வம்ச ஆதாரம் எதுவும் கிடையாது.

ஓ'பிரையன் என்றாலே பிரையன் போருவின் ரத்தமா?

கட்டாயம் இல்லை. தலைவரின் நிலத்தில் இருந்த குடியானவர்கள், தாய்வழியில் பெயர் எடுத்தவர்கள், வேறொரு பிரையனின் வழி வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். டால் காஷ் வழியோடு இணைத்துப் பேசப்படும் ஆண்வழி மரபணு அடையாளம் ஆர்-எல்226. அது இருந்தால் பழைய தோமண்ட் பகுதிக் குலங்களோடு ஆண்வழித் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்; பிரையனின் நேரடி வாரிசு என்று அது சொல்லாது. ஒய் குரோமோசோம் பரிசோதனை எடுக்க ஓ'பிரையன் பெயருள்ள ஆண் வேண்டும். பெண்கள் தங்கள் தந்தை, சகோதரன், சிற்றப்பா போன்ற ஒருவரைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். எச்சிலை அனுப்பி நாட்டுவாரியாகச் சதவீதம் வாங்கும் சாதாரணப் பரிசோதனை இந்தக் கேள்விக்குப் பதில் தராது.

புகழ்பெற்ற ஓ'பிரையன்கள் யார் யார்?

அரசியலில் முதலில் சொல்ல வேண்டியவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன். 1803-ல் ட்ரொமோலண்டில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை, லண்டனில் கூடிய நாடாளுமன்றத்தின் உறுப்பினர். பெரும்பஞ்சம் நாட்டைச் சிதைத்துக்கொண்டிருந்த 1848-ல் டிப்பரேரியின் பாலிங்கரியில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஒரு விதவையின் வீட்டுக்குள் பதுங்கிய காவலர்களை முற்றுகையிட்டதோடு அது முடிந்துவிட்டது. தூக்கிலிட்டு உடலை நான்காக வெட்ட வேண்டும் என்ற தீர்ப்பு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1856-ல் முழு மன்னிப்போடு திரும்பினார். பட்டமும் நிலமும் இருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவற்றைப் பணயம் வைத்தார். டப்ளினின் முக்கிய வீதியில் அவருக்குச் சிலை இருப்பது தகும்.

எழுத்தில் இரண்டு பெண்கள். லிமெரிக்கில் 1897-ல் பிறந்த கேட் ஓ'பிரையன், கிளேரின் டுவாம்கிரேனியில் 1930-ல் பிறந்து 2024-ல் மறைந்த எட்னா ஓ'பிரையன். இருவர் நாவல்களையும் அயர்லாந்துத் தணிக்கை வாரியம் தடை செய்தது. இருவரும் இன்று அந்த நாட்டின் பெருமைகள்.

குதிரைப் பந்தயத்தில் வின்சென்ட் ஓ'பிரையன். 1953, 54, 55 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிராண்ட் நேஷனல் வென்ற பயிற்சியாளர். டிப்பரேரியில் பாலிடாயில் பயிற்சிக்கூடத்தை அமைத்தவர். அதே இடத்தில் இப்போது பயிற்சி தரும் எய்டன் ஓ'பிரையன் அவருக்கு உறவினர் அல்ல.

அமெரிக்காவில் லாரி ஓ'பிரையன்: 1972-ல் வாட்டர்கேட் கட்டடத்தில் திருட்டு நடந்தபோது ஜனநாயகக் கட்சித் தலைவர், கூடைப்பந்து லீகின் கோப்பை இவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. 1952, 1956 ஒலிம்பிக்குகளில் குண்டெறிதல் தங்கம் வென்ற பாரி ஓ'பிரையன். தொலைக்காட்சியில் கோனன் ஓ'பிரையன்.

கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த ஓ'பிரையன்?

கெவின் ஓ'பிரையன். 2011 மார்ச் 2, பெங்களூரு சின்னசாமி மைதானம். இங்கிலாந்து எடுத்தது 327. அயர்லாந்து 111 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்திருந்தது. கெவின் 50 பந்தில் சதமடித்தார். 63 பந்தில் 113. அயர்லாந்து ஐந்து பந்து மீதம் வைத்து மூன்று விக்கெட்டில் வென்றது. உலகக்கோப்பையின் அதிவேகச் சதம் என்ற அந்தச் சாதனை 2023 வரை நின்றது. 2018-ல் டப்ளினை அடுத்த மாலஹைடில் அயர்லாந்தின் முதல் டெஸ்ட் சதத்தையும் அவரே அடித்தார். விக்கெட் கீப்பர் நீல் ஓ'பிரையன் அவர் அண்ணன்.

இந்தியாவிலும் ஓ'பிரையன்கள் இருக்கிறார்களே?

மாநிலங்களவை உறுப்பினர் டெரிக் ஓ'பிரையன் கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பத்தின் ஒரு வேர் அயர்லாந்தில். அவர் தந்தை நீல் ஓ'பிரையன் 1967-ல் கல்கத்தாவில் பொது வினாடி வினாவைத் தொடங்கிவைத்தவர்; ஆங்கிலோ-இந்தியர் பிரதிநிதியாக மக்களவைக்கும் நியமிக்கப்பட்டவர்.

பெயரில் மட்டும் ஓ'பிரையன் ஆனவர்கள்?

ஃப்ளான் ஓ'பிரையன் என்பது பிரையன் ஓ'நோலன் (1911–1966) வைத்துக்கொண்ட புனைபெயர். கடற்படை நாவல்கள் எழுதிய பாட்ரிக் ஓ'பிரையனின் பிறவிப்பெயர் ரிச்சர்ட் பாட்ரிக் ரஸ், இங்கிலாந்தில் பிறந்தவர்.

என் ஓ'பிரையன் முன்னோரை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்களிடமிருந்து பின்னோக்கி. பிரையன் போருவிடமிருந்து கீழே இறங்க நினைப்பவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு தவறான பாட்ரிக்கை ஒட்டவைத்துவிடுவார்கள். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய முதல் தகவல் டவுன்லேண்டின் பெயர். அயர்லாந்து 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. சில வயல்களும் ஐந்தாறு வீடுகளும் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு அது. கிளேரில் ஜான் ஓ'பிரையன்கள் ஏராளம். அவர்களைப் பிரித்துக்காட்டுவது டவுன்லேண்ட் மட்டும்தான்.

வரிசை இதுதான். முதலில் குடிபெயர்ந்த நாட்டின் ஆவணங்கள்: திருமணச் சான்று, இறப்பு அறிவிப்பு, கல்லறைக் கல், குடியுரிமை விண்ணப்பம். அயர்லாந்து ஊர்ப்பெயர் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். அடுத்து 1901, 1911 கணக்கெடுப்புகள். அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். பிறகு சிவில் பதிவுகள்: கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் 1845 முதல், பிறப்பு, இறப்பு, எல்லாத் திருமணங்களும் 1864 முதல். அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பும், 75 ஆண்டு கடந்த திருமணமும், 50 ஆண்டு கடந்த இறப்பும் படமாகவே கிடைக்கும். அதற்கும் முன்னே போக, தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் கத்தோலிக்கப் பங்கு (தேவாலய வட்டார) பதிவேடுகள். ஏறத்தாழ 1880 வரை. கிளேர் வேர் என்றால் கிளேர் கவுன்டி நூலகத்தின் தளத்தையும் தவறவிடாதீர்கள்.

திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் உண்டு. பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப்பெயர் உண்டு. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. ஆகவே இறப்பில் தொடங்காமல் திருமணத்தில் தொடங்குங்கள்.

ஏன் தேடினால் கிடைப்பதில்லை?

பெரும்பாலும் எழுத்துக்கூட்டலால். ஒரே தம்பதியின் மூன்று குழந்தைகள் பங்குப் பதிவேட்டில் 'பிரையன்', 'ப்ரையான்', 'ஓ பிரையன்' என்று மூன்று விதமாக இருப்பது சாதாரணம். தேடுபெட்டியில் மேற்கோள்குறியோடு, குறியில்லாமல் சேர்த்து, இடைவெளி விட்டு, 'ஓ' இல்லாமல் என்று நான்கு வகையிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நட்சத்திரக்குறியை ஏற்கும் தளத்தில் முன்னால் அதைப் போட்டுப் 'பிரையன்' என்று தேடினால் வேலை குறையும். பாதிரியார்கள் லத்தீனில் எழுதியதால் பிரிட்ஜெட் 'பிரிகிடா' ஆகவும், ஜேம்ஸ் 'யாகோபுஸ்' ஆகவும் இருப்பார்கள்.

வயதை நம்பாதீர்கள். 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் 1909-ல் வந்தது. அதனால் 1901-ல் 56 என்று சொன்னவர் 1911-ல் 71 என்று சொல்லியிருக்கலாம். ஞானஸ்நானம் பிறப்புக்கு முந்தைய தேதியில் இருந்தாலும் பதறவேண்டாம்: பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்ன பெற்றோர் உண்டு. அங்கே ஞானஸ்நானத் தேதியே சரி.

1901-க்கு முந்தைய கணக்கெடுப்புகள் ஏறத்தாழ இல்லை. 1821 முதல் 1851 வரையிலானவை 1922 ஜூன் 30-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அதற்கு முன் அழித்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப உதவுவது 1847–1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீடு. அதில் நிலத்தை வைத்திருந்தவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள். ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் ஓ'பிரையன் இருந்தால் அடைப்புக்குறிக்குள் 'பாட்' என்றோ 'மைக்கேல்' என்றோ போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது அவருடைய அப்பா பெயர். ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு துப்பு, பெயரிடும் வழக்கம்: மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். எல்லோரும் கடைப்பிடித்ததில்லை. ஊகத்துக்கு உதவும், ஆதாரமாகாது.

இந்தப் பெயர் இருந்தால் அயர்லாந்துக் குடியுரிமை கிடைக்குமா?

பெயருக்கு எந்த மதிப்பும் இல்லை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து குடியுரிமை பெறலாம். அவர், உங்கள் தந்தை அல்லது தாய், நீங்கள் என மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கொள்ளுத்தாத்தா என்றால், நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் தந்தையோ தாயோ அந்தப் பதிவேட்டில் பதிந்திருந்தால் மட்டுமே.

மதராஸில் இருந்த ஓ'பிரையன் சிப்பாய் ஒருவரின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும். கிழக்கிந்தியக் கம்பெனி அயர்லாந்திலிருந்து பெருமளவில் ஆள் எடுத்தது. கம்பெனியின் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைதான் 1881-ல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசை மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றியது. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பதிவுகள் அதில் நன்றாக இருக்கும். கத்தோலிக்கர் அதில் முழுமையாக இல்லை, ஆகவே அந்தந்தத் தேவாலயத்தின் சொந்தப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றைத் தேட உதவும் ஃபிபிஸ் அமைப்பின் தளத்தில் இலவசப் பெயரடைவு உண்டு.

பிறந்த ஊருக்கு இதைவிட நல்ல ஆவணம் படைவிலகல் தாள். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓய்வூதியத்தோடு விலகியவர்களின் தாள்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 97' வரிசையில் உள்ளன. கிளேர் கவுன்டியில், இன்ன நகரத்தின் அருகே, இன்ன பங்கில் பிறந்தவர் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் என்பதால், வரைபடத்தில் அதே எழுத்துக்கூட்டலைத் தேடாமல் வாய்விட்டுப் படித்து, ஒலியில் நெருங்கிவரும் பங்குகளை அந்தக் கவுன்டியின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.